வீட்டுக்குள் ஒரு தெருவிளக்கு

ஆறுதல்புரத்தில் பேருந்தைவிட்டு இறங்கி, நடுவீட்டில் தெருவிளக்கு நிற்கிற வீடு எது என்று யாரைக் கேட்டாலும், கேட்டவரை ஏற இறங்கப் பார்க்காமல், இது என்ன கேள்வி என்று சிரிக்காமல், மைக் செட் ஜெபத்துரை வீடுதானே, கோயிலுக்குப் பின்னால் பச்சைக் கதவு, தட்டிவிட்டுப் போங்கள், தட்டாமல் போனால் அந்த அம்மாளுக்குப் பிடிக்காது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் செம்மணல் மேடுகளான தேரியும் பனைமரமும் உப்புக்காற்றும் எப்படி அவர்களுக்குப் பழகிப்போனவையோ அப்படியே அந்த விளக்கும் பழகிப்போய்விட்டது. பழகிப்போகிற விஷயத்தில் ஆறுதல்புரத்துக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்த அம்மாளின் பெயர் எப்சிபா. வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்பவள். புருஷன் ஜெபத்துரை இதற்கு நேர்மாறு. கல்யாணமோ கட்சிக்கூட்டமோ கன்வென்ஷனோ எதுவானாலும் அவனுடைய மைக் செட்தான், குழாயைப் பனைமரத்தில் கட்டிவிட்டு 'ஹலோ, ஹலோ, ஸ்தோத்திரம்' என்று அவன் சோதித்துப் பார்க்கிற குரலுக்குப் பக்கத்து ஊர் நாய்கள் பதில் சொல்லும். ஊர்க்கோயிலில்தான் போதகர் முன்னால் இருவருக்கும் கல்யாணம் நடந்தது, கல்யாணம் முடிந்து வீட்டுக்குள் கால் வைத்த அன்று சாயங்காலமே நடுவீட்டில் பாய் விரித்துக் குடும்ப ஜெபம் செய்தார்கள், அன்றிலிருந்து மழையோ காய்ச்சலோ விருந்தாளியோ எது வந்தாலும் விளக்கு வைக்கிற நேரத்தில் பாய் விரியாமல் இருந்ததில்லை. அவன் பாட்டைத் தொடங்குவான், அவள் கூடப் பாடுவாள், அவன் ஜெபிப்பான், பிறகு அவள் ஜெபிப்பாள், பிறகு சோறு.

அவர்களுக்கு ஒரு மகள் பிறந்தாள், ஜாய்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பாய் விரிக்கிற இடத்துக்கு நேர் மேலே நடு உத்திரத்தில் ஜெபத்துரை ஒரு கொக்கி அடித்தான், கொக்கியில் எப்சிபா கல்யாணத்துக்கு மறுநாள் உடுத்திய சேலையைத் தொட்டிலாகக் கட்டினார்கள், குழந்தை தவழக் கற்றுக்கொள்வதற்குள் ஒரு காய்ச்சல் வந்து தொட்டிலைக் காலியாக்கிவிட்டுப் போனது. சின்னப் பெட்டியைக் குளத்தங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குத் தூக்கிப்போனார்கள். சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டாள் எப்சிபா, கொக்கியை யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகும் பாய் விரிந்தது. அவள் முறை வரும்போது கண்ணை மூடுவாள், உதடு அசையும், ஆனால் உள்ளே ஒரு சொல்கூட இருக்காது. முதலில் துக்கம் என்று நினைத்தாள், பிறகு வருஷங்கள் போயின, சொல் திரும்பி வரவேயில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்கு ஜெபம் வரமாட்டேங்கு. சும்மா வாயைத்தான் அசைக்கேன்" என்று சொன்னாள். அவன் சாப்பாட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு இடது கையால் அவள் கையைப் பிடித்தான். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஒரு பாரத்தை இரண்டுபேர் தூக்குகிறோம் என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த வருஷத்துக் கன்வென்ஷன் வந்தது. ஓலைப்பந்தல், மூன்று நாள் கூட்டம், கடைசி நாளில் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம், இன்னது வேண்டும் என்று சபையிடம் ஜெப விண்ணப்பமும் வைக்கலாம். மைக்கில் கரகரப்பு இருக்கிறதே என்று சரிபார்க்கப் போன ஜெபத்துரை, சரிபார்த்தவன் கீழே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. எதிரே ஊரே உட்கார்ந்திருந்தது, கையில் மைக் இருந்தது. "என் மனைவி எப்சிபாவுக்காக எல்லாரும் ஜெபிச்சிக்கிடுங்க. பிள்ளை போனதிலருந்து அவளுக்கு ஜெபம் வரலை, வாயை மட்டுந்தான் அசைக்கா, அவ விசுவாசம் திரும்ப வரணும்" என்றான், கண்ணீரோடுதான் சொன்னான், அன்போடுதான் சொன்னான், நான்கு குழாயும் அதைத் தேரிக்காடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தன. பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் ஓலை விசிறியோடு உட்கார்ந்திருந்த எப்சிபாவை நோக்கி எல்லாத் தலையும் திரும்பின. அவள் விசிறுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாளிலிருந்து ஜாக்கெட் துணி கொண்டுவந்த பெண்களெல்லாம் கூடவே ஒரு ஜெபத்தையும் கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு டார்க்கஸ் மதினி அளவு ஜாக்கெட்டை மிஷின்மேல் போட்டுவிட்டு, "கைக்கு ஒரு விரக்கடை கூட்டி வையி எப்சி" என்று சொன்ன கையோடு அவள் தலையில் கையை வைத்து, "ஆண்டவரே, இந்த உலர்ந்த பாத்திரத்தை நிரப்பும்" என்று தொடங்கிவிட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"யாரைக் கேட்டு அதைச் சொன்னிய?" என்று எப்சிபா ஜெபத்துரையிடம் கேட்டாள்.

"ஜெபத்துக்குத்தான எப்சி சொன்னேன். ஊர்க்கதையா பேசினேன்?"

"உங்ககிட்டத்தான் சொன்னேன். குழாய்ல கட்டுங்கன்னு சொல்லல."

அன்று சாயங்காலம் அவள் பாயில் வந்து உட்காரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. முன்பக்கத்து அறையில் அவன் தனியாக முழங்கால்போட்டு, அடுக்களைக்குக் கேட்கிற சத்தத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒரு கல்லான இருதயம் இருக்கிறதை நீர் அறிவீர்" என்று ஜெபித்தான். சொல் வராதவளுக்கு அன்றைக்குப் பார்த்து வந்தது. அடுக்களையிலிருந்தபடி, "ஆண்டவரே, சிலருடைய வாய்க்குத் தாழ்ப்பாளே இல்லாததையும் நீர் அறிவீர்" என்றாள். நாளுக்கு நாள் இது வளர்ந்தது. ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை, பேச வேண்டியதையெல்லாம் பரலோகத்துக்கு அனுப்பிப் பரலோகம் வழியாகப் பெற்றுக்கொண்டார்கள், உப்பு கூடிவிட்டது என்பதுகூட ஸ்தோத்திரத்தோடுதான் போனது.

அப்புறம் வீடு பிரிந்தது. உத்திரத்தில் தொட்டில் கொக்கி இருந்த இடத்தில் ஒரு மயிர்க்கோடு விழுந்தது, கோடு கூரை ஓட்டுக்கும் சுவருக்கும் தரைக்கும் ஓடியது, முன்வாசலைத் தெற்கிலும் பின்வாசலைக் கோயில் பக்கமும் தொட்டுக்கொண்டு நின்றது, மறுநாள் அதில் பல்லி போய்வந்தது, அதற்கு மறுநாள் பூனை. கொத்தனார் வந்து இரும்புப் பட்டை போட்டு இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டினார், வீடு அதை நூலை அறுப்பதுபோல அறுத்துக்கொண்டு இன்னும் ஒரு சாண் நகர்ந்தது. முன்னறை இருந்த மேற்குப் பாதி ஜெபத்துரையோடு மேற்கே போனது, அடுக்களையும் தையல் மிஷினும் இருந்த கிழக்குப் பாதி எப்சிபாவோடு கிழக்கே போனது, இரண்டும் வேலிக்கு உள்ளேதான் போயின, மரியாதை தெரிந்த வீடு, அடுத்தவர் மனையை மிதிக்கவில்லை. சுவர் இல்லாத பக்கத்தில் அவள் பழைய சேலைகளைக் கட்டித் தொங்கவிட்டாள், அவன் பந்தலுக்குப் போடுகிற தார்ப்பாயைக் கட்டினான்.

ஊர் வந்து பார்த்தது. சில புருஷன்மார் அவசரமாகத் தங்கள் வீட்டு உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், சில வீடுகளில் அந்த வாரம் பாத்திரம் கழுவ ஆண்களும் கை கொடுத்தார்கள். வந்தவர்களில் யாரோ ஒருவர் அந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இப்படியே போனா கோயில் பின்கேட்டுல்லா வருது" என்று சொன்னார். அந்த நிமிஷத்திலிருந்து அது அதிசயமாக இருப்பது நின்றுபோயிற்று.

விஷயம் இதுதான். தெற்குத்தெருவிலிருந்து கோயிலுக்குப் போக வேண்டுமானால் குளத்தைச் சுற்றித்தான் போக வேண்டும், மழைக்காலத்தில் முழங்கால் சேறு, வெயில்காலத்தில் நெருஞ்சி. குறுக்கே ஒரு வழி இருந்தால் தேவலை என்று தாத்தா காலத்திலிருந்து கோயில் கமிட்டியில் பேசுகிறார்கள், குறுக்கே நின்றது ஜெபத்துரை வீடு ஒன்றுதான். இப்போது வழி தானாகத் திறந்துவிட்டது. முதலில் பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்கு அதில் ஓடின, பிறகு ஆடுகள், பிறகு குடத்தோடு பெண்கள், பிறகு சைக்கிள், பிறகு பால்காரரின் மோட்டார் சைக்கிள். கமிட்டி செயலாளர் பாக்கியநாதன் சார், ஓய்வுபெற்ற வாத்தியார், எதையும் ஒழுங்குபடுத்தாமல் அவருக்குத் தூக்கம் வராது, அந்தச் சந்துக்குப் புது முடுக்கு என்று பெயர் வைத்தார். பஞ்சாயத்து வந்து தரையில் சிமெண்ட் கல் பதித்தது. இருட்டாக இருக்கிறதே என்று விளக்கும் போட்டது. கம்பம் கையிருப்பு இல்லையாம், இரண்டு ஆள் உயரம் மட்டும் வருகிற குட்டை இரும்புக் குழாய் ஒன்றை நடுவில் நட்டு, தலையில் ஒரு பல்பை மாட்டி, பொழுது சாய்ந்தால் தானே எரிகிறமாதிரி இணைப்புக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கோயிலில் ஜனங்கள் முதல் மணிக்கே வந்து உட்கார்ந்தார்கள், போதகருக்கு ரொம்பத் திருப்தி.

எப்சிபா அவனுக்குச் சோறு பொங்காமல் இருந்ததில்லை, கோபம் வேறு, பட்டினி வேறு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சேலையை விலக்கி நின்றாளானால் யாராவது போகிறபோக்கில், "அண்ணனுக்கா? குடுங்கக்கா" என்று வாங்கி எதிர்ப்பக்கம் கொடுத்துவிட்டுப் போவார்கள். "மதினி, அண்ணன் ஊறுகாய் கேக்காவ" என்று பதிலும் வந்துவிடும். மொத்தத்தில் அவர்கள் பிரிந்திருப்பது ஊருக்கு எவ்வளவோ வசதியாக இருந்தது. யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை, எப்சிபாவுக்கே சில நாள் இப்படியே இருந்துவிடலாமே என்று தோன்றியது, தோன்றியபோது பயந்தும் போனாள்.

அப்போதுதான் மேலத்தெரு ஸ்டீபனின் குழந்தை இறந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். சின்னப் பெட்டியைத் தகப்பனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு புது முடுக்கு வழியாக வந்தான், பின்னால் ஊர். எப்சிபா சேலையை விலக்கிக்கொண்டு தன் பாதியின் ஓரத்தில் நின்றாள். எதிரே தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஜெபத்துரை நின்றான். அடக்கத்துக்கு அவன்தான் மைக் போட வேண்டும், தோளில் ஒயர்ச் சுருள் கிடந்தது. பெட்டி இருவருக்கும் நடுவில், கொக்கி இருந்த இடத்துக்கு நேர் கீழே, கடந்து போகும்போது அவன் வாயைத் திறந்து மூடினான், திறந்து மூடினான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அதை எப்சிபா பார்த்தாள். அந்த அசைவு அவளுக்குத் தெரியும், எத்தனையோ சாயங்காலம் அவள் தன் வாயில் உணர்ந்த அசைவுதான் அது.

அடக்கம் முடிந்து, பொழுது சாய்ந்து, முடுக்கில் நடமாட்டம் ஓய்ந்து, விளக்கு எரிந்தபோது அவள் ஓரத்தில் வந்து காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க."

அவன் வந்தான், தன் ஓரத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்.

"உங்களுக்கும் வரலையா?" என்று கேட்டாள்.

அவன் தோளில் கிடந்த ஒயர்ச் சுருளை இறக்கி வைத்தான். பிறகு, "வரல எப்சி" என்றான். "நம்ம பிள்ளை போன அன்னையிலருந்தே வரல. உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் சத்தம்போட்டு ஜெபிச்சேன். சத்தத்துல அது இல்லாதது தெரியாதுல்லா. நீ எங்கிட்ட வந்து சொன்ன அன்னிக்கு நானும் சொல்லியிருக்கணும். சொல்லாம, எனக்குள்ள இருந்ததை உன் பேர்ல ஊர்கிட்ட சொல்லிட்டேன். தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிரு."

எப்சிபா அழுதாள். கோபத்தில்தான் முதலில் அழுதாள், இத்தனை நாள் ஒரே கிணற்றில் இரண்டு பேரும் தனித்தனியாக விழுந்து கிடந்திருக்கிறோமே என்கிற கோபம். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி. ரெண்டு பேருக்கும் இல்லை. இல்லாததை வச்சே உக்காருவோம். பாயை விரிங்க" என்றாள்.

"என்ன சொல்லி ஜெபிக்க?"

"ஒண்ணும் சொல்லாண்டாம். அவருக்குத் தெரியாததையா சொல்லப்போறோம்? வந்து உக்காந்திருக்கோம்னு மட்டும் தெரியட்டும்."

அவன் பக்கம் ஒரு பாய், அவள் பக்கம் ஒரு பாய். பாட்டில்லை, சத்தமில்லை, தெருவிளக்கில் பூச்சி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. விடிந்து பார்த்தால் வீட்டின் இரண்டு பாதியும் ஒரு விரக்கடை நெருங்கியிருந்தன.

வீடு நெருங்கியது என்று சொல்லிவிட்டால் லேசாகத் தெரிகிறது. நெருங்கும், சண்டை வந்தால் விலகும், பாயில் உட்கார்ந்தால் மறுபடி நெருங்கும். மழை ஒழுகுகிற இடத்துக்கு வாளி வைக்கவில்லை என்று ஒருநாள் சண்டை, ஒரு வாரத்து நெருக்கம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. விட்டுவிடலாம் எப்சி, நம்மால முடியாது போல என்று அவன் சொன்ன அன்று, "நாளைக்கும் உக்காருவோம். நாளைக்கழிச்சும் உக்காருவோம். வீடு எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகட்டும், நான் பாயைச் சுருட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தன்று கோயிலில் மோதிரம் மாற்றிச் சம்மதம் சொன்னது ஒருதரம் சொல்லி முடிகிற சொல் இல்லை, பொழுது சாய்கிறபோதெல்லாம் மறுபடி சொல்ல வேண்டிய சொல் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. மெல்ல மெல்ல அவனுக்குச் சொல் வந்தது, பழைய சத்தத்தில் இல்லை, ஒயர் அறுந்த மைக்கில் வருகிறமாதிரி விட்டுவிட்டு வந்தது. தகப்பனே என்பான், நிறுத்துவான், எங்க வீடு என்பான், நிறுத்துவான். அவளுக்கு வரவில்லை. அவள் உதட்டையும் அசைக்கவில்லை, பொய்யாக அசைப்பதை விட்டுவிட்டாள், வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவன் அவசரப்படுத்தவில்லை. கோயிலில் யாராவது, வீட்டில் எப்படி ஜெபத்துரை என்று கேட்டால், "எப்சிகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்பான், கேட்டவர்கள் விழிப்பார்கள்.

முடுக்கு குறுகியது. பால்காரரின் கேன் சுவரில் உரசியது, சைக்கிள் கைப்பிடி மாட்டியது, இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்தால் ஒருத்தி பின்னால் போக வேண்டியிருந்தது. ஊர் முதலில் முணுமுணுத்தது, அப்புறம் வாய்விட்டே சொன்னது. "ஜெபம் பண்ணட்டும், வேண்டாங்கல, அதுக்குன்னு தினமுமா?" என்றாள் டார்க்கஸ் மதினி. அறுப்பின் பண்டிகை வேறு நெருங்கியது, பண்டிகைக்கு அசனம் உண்டு, சாதி பேதம் பார்க்காமல் ஊரே ஒரு பந்தலில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடுகிற சபைச் சாப்பாடு, அதற்குத் தெற்குத்தெருவில் சபைப் பாத்திரங்கள் வைக்கிற கிட்டங்கியிலிருந்து ஆள் இறங்கிக் குளிக்கிற அளவு அண்டாக்கள் கோயில் பின்பக்கம் வந்தாக வேண்டும். போன வருஷம் புது முடுக்கு வழியாக உருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாக்கியநாதன் சார் எழுந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், யாரும் வெளியே போகவில்லை.

"ஜெபத்துரை, தப்பா எடுத்துக்கிடப்படாது. அசனம் முடியிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அந்தச் சாயங்கால ஜெபத்தைக் கொஞ்சம் குறைச்சிக்கிட்டா நல்லது. தனித்தனியா ஜெபிங்களேன், அது தடையில்ல." சொல்லி முடித்ததும் அது அவருக்கே ஒருமாதிரி இருந்திருக்க வேண்டும், போதகரைப் பார்த்தார். போதகர் தரையைப் பார்த்தார்.

"அப்படி என்னதான் ஜெபிக்கிய ரெண்டு பேரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதான," என்று பாக்கியநாதன் சார் பிடித்துக்கொண்டார், "விண்ணப்பத்தைச் சபைக்குச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் ஜெபிக்கோம், உங்களுக்குப் பதிலா. வீடு நிக்க இடத்துல நிக்கட்டும். மைக் உங்க கையிலதான இருக்கு."

மைக் அவன் கையில்தான் இருந்தது. எப்சிபா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், அதே வரிசை. அவன் எழுந்து நின்றதைப் பார்த்தாள், எதிரே ஊரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், அவன் மைக்கை வாய்க்கருகே தூக்கியதைப் பார்த்தாள். இந்த ஆள் நல்லவன், நாலுபேர் கேட்டால் மறுக்கத் தெரியாதவன், இப்போது சொல்லிவிட்டான் என்றால் வீடு எந்த ஊருக்குப் போய் நிற்குமோ என்று நினைத்தாள்.

ஜெபத்துரை மைக்கின் பொத்தானைக் கீழே தள்ளினான். நான்கு குழாயிலும் டக்கென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது. பிறகு வெறும் குரலில் பேசினான், அவனுடைய வெறும் குரல் அவ்வளவு சின்னது என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"எங்க வீட்டு ஜெபத்தை ஒருதடவை இதுல சொல்லிட்டேன். அதுவும் பாதிதான் சொன்னேன். எனக்கும் ஜெபம் வரலைங்கிற மீதியை மறைச்சிட்டேன். இனிமே என்ன ஜெபிக்கோம்னு சொல்லமாட்டேன். நிறுத்தவும் மாட்டோம்."

"கேக்கல, மைக்கைப் போடு" என்றார்கள் பின்வரிசையில்.

"கேக்காண்டாம்" என்றான் ஜெபத்துரை.

அப்போது எப்சிபா எழுந்து நின்றாள். பத்து வார்த்தைக்கு இரண்டு பேசுகிறவள், அன்றைக்குப் பத்தையும் பேசினாள். "சார், நீங்க நடக்கிய இடம் முடுக்கு இல்ல. அது எங்க நடுவீடு. எங்க பிள்ளைக்குத் தொட்டில் கட்டின இடம். நீங்க எல்லாரும் எங்க பிள்ளை தொட்டிலுக்கு அடியிலதான் சைக்கிள் ஓட்டிட்டுப் போறிய. நாங்க கோவப்படல, எங்க வீட்டைத் திறந்துபோட்டது நாங்கதான். ஆனா நாங்க மூடுவோம்."

எல்லார் நினைவுக்கும் ஸ்டீபனின் கையிலிருந்த பெட்டி வந்தது. மேற்குச் சுவரோரம் ஸ்டீபன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். டார்க்கஸ் மதினிதான் முதலில் எழுந்தாள், "நான் இனிமே குளத்தைச் சுத்தியே வாறேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

அசனத்து அண்டாக்கள் அந்த வருஷம் குளத்தைச் சுற்றித்தான் வந்தன. கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஒன்று சேற்றில் இறங்கிவிட்டது, பந்தி ஆரம்பிக்க நேரமாகிவிட்டது, பசியில் பிள்ளைகள் கத்தின, பாக்கியநாதன் சார் எல்லாரிடமும் எரிந்து விழுந்தார், ஆனாலும் கம்பின் ஒரு முனையை அவரே தோளில் வைத்துத் தூக்கியிருந்தார். ஜெபத்துரையும் எப்சிபாவும் பந்தியில் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அவள் எந்தப் பக்கம் ஏறுவது என்று ஒரு கணம் நின்றாள், பிறகு மேற்கே ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒரே பாய் போதும் என்றாள். கண்ணை மூடினார்கள். வீடு சேர்ந்த சத்தம் பெரிதாக ஒன்றுமில்லை, காற்றில் கதவு சாத்துகிற சத்தம்தான். கண்ணைத் திறந்தபோது உத்திரம் ஒன்றாக இருந்தது, கொக்கி அதன் இடத்தில் இருந்தது, தரையில் நாலைந்து சிமெண்ட் கல்லும் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பும் இருந்தன, கொக்கிக்குக் கீழே, கூரையைத் தொட்டும் தொடாமலும், தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகப் பஞ்சாயத்து ஆள் வந்தபோது எப்சிபா கொடுக்கவில்லை. இருக்கட்டும், பொழுது சாஞ்சதைச் சொல்ல எங்களுக்கும் ஒரு ஆள் வேண்டாமா என்றாள். வருஷக்கணக்கில் நடந்த கால்கள் சும்மா இருக்குமா, ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் பழக்கத்தில் பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள், நின்றபிறகுதான் ஞாபகம் வந்து விழித்தார்கள். அவள் கதவைத் திறந்தாள். "வரலாம். தட்டிட்டு வரணும், செருப்பைக் கழட்டிட்டு வரணும், அந்த இடத்துல கொஞ்சம் மெதுவாப் போகணும்" என்றாள். அப்படியே வருகிறார்கள், கையில் செருப்போடு, நடுவீட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பின்வாசல் வழியாகக் கோயிலுக்குப் போகிறார்கள். சுமையோடு வருகிறவர்கள் கம்பத்தடியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து போவதும் உண்டு, ஸ்டீபனும் அவன் மனைவியும் அப்படி அடிக்கடி உட்காருவார்கள், எப்சிபா ஒன்றும் கேட்காமல் காப்பி கொடுப்பாள்.

பொழுது சாய்ந்தால் விளக்கு தானே எரியும், யார் கோபமாக இருந்தாலும் எரியும், அணைக்க வீட்டுக்குள் சுவிட்ச் கிடையாது. அது எரிந்தால் பாய் விரியும். எப்சிபா உட்காருவாள், பேசாமல் உட்காருவாள், மழைக்காலம் போய் வெயில்காலம் வந்து மறுபடி மழைக்காலம் வந்தது, அவள் பாயைச் சுருட்டவில்லை. அப்படி ஒரு சாதாரணச் சாயங்காலம், அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, அவன் ஜெபித்து முடித்து அவள் முறைக்காக வழக்கம்போலக் காத்திருந்தபோது, அவள் வாயைத் திறந்தாள், உள்ளே சொல் இருந்தது. சத்தமாகவே சொன்னாள். என்ன சொன்னாள் என்பது ஊருக்குத் தெரியாது, போதகருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. ஜெபத்துரைக்குத் தெரியும், அவன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.